தோட்டாவுக்கு எண்ணெய்க் குளியல்

ஒரு பொருளைப் பற்றி நிறையப் படித்தவன் கையில் அந்தப் பொருளை மட்டும் கொடுக்கக் கூடாது. என் கையில் துப்பாக்கித் தோட்டாவைக் கொடுத்தார்கள்.

சீனச் சண்டைக்கு முந்தைய வருஷம். கல்லூரி மாணவர் படைக்குக் குற்றாலத்தில் முகாம். ராணுவத்தின் முந்நூற்று மூன்று ரகத் தோட்டாவின் ஜாதகமே எனக்கு மனப்பாடம். ஆதியில் குண்டுக்கு மொட்டை மூக்கு, பிறகு காற்றைக் கிழிக்கக் கூர்மூக்கு வைத்தார்கள் என்று கேட்டவருக்கெல்லாம் சொல்வேன். (கேட்டவர் எவருமில்லை.) இந்தப் புலமையை நம்பி ஹவில்தார் தோட்டாப் பெட்டியை என்னிடம் ஒப்படைத்தார்.

"சாரல்ல நனைஞ்சிராமப் பாத்துக்கோலே" என்றார்.

மறுநாள் சுடும் போட்டி. முதலாவதாக வருபவனைப் பட்டாளத்துக்குச் சிபாரிசு செய்வதாக அவர் சொல்லியிருந்தார். என் கூட்டாளி, கீழப்பாவூர் செல்லத்துரைக்கு அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. அவன் அண்ணன்மார் எல்லாம் பட்டாளம். சுடுவதிலும் அவனை மிஞ்ச ஆளில்லை.

அவனுக்கு ஏதாவது செய்ய ஆசைப்பட்டேன். சாரல் காலத்தில் எங்கள் பக்கம் பூட்டு, அரிவாள், மனிதர் எதையும் எண்ணெய் தடவாமல் நனைய விடுவதில்லை. அருவிக்கென்று வைத்திருந்த நல்லெண்ணெயை எடுத்து, அவன் பங்குத் தோட்டாக்களுக்கு உச்சி முதல் அடிவரை தேய்த்தேன். மற்றவர்களுடையதைத் துணியால் துடைத்ததோடு சரி.

"ஏலே, தோட்டா என்னலே இப்படி வழுக்குது?" என்றான் செல்லத்துரை.

"சாரலா இருக்கும்லே" என்றேன்.

அவன் சுட்ட குண்டுகள் பலகைக்கு மேலாகப் பறந்து மலையில் போய் மோதின. வெடிக்கும்போது பித்தளைக் கூடு விரிந்து துப்பாக்கிக் குழலைக் கவ்விக்கொள்ள வேண்டும். எண்ணெய் பட்டால் கவ்வாது. வழுக்கிப் பின்னால் இடிக்கும், துப்பாக்கி அதிரும், குண்டு தடம் மாறும். இதுவும் நான் படித்த புத்தகத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கம் வருவதற்குள் எனக்குப் பரீட்சை வந்துவிட்டது.

ஹவில்தார் காலித் தோட்டாவை எடுத்து முகர்ந்து பார்த்தார். "தோட்டாவக் குளிப்பாட்டுன புண்ணியவான் யாருலே?"

முதலிடம் சுரண்டை முத்தையாவுக்குப் போயிற்று. செல்லத்துரை அன்று சாப்பிடவில்லை. "எங்கய்யாட்ட நான் என்னலே சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டான். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

அடுத்த வருஷம் பனிமலைச் சண்டைக்குப் போன முத்தையா திரும்பி வரவில்லை. பிறகு பட்டாளத்தில் துப்பாக்கியையும் தோட்டாவையும் மாற்றினார்கள் என்று படித்தேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

செல்லத்துரை தென்காசியில் விதைக்கடை வைத்தான். என் தங்கை லெச்சுமியைக் கட்டினான். ஒவ்வொரு சீசனுக்கும் குடும்பத்தோடு அருவிக்குப் போகிறோம். எண்ணெய்க் கிண்ணத்தைத் திறந்ததும் பிள்ளைகள், "மாமா, தோட்டாவுக்குக் கொஞ்சம் மிச்சம் வையுங்க" என்பார்கள்.

"சிரிக்காதீய. எங்க அண்ணன் தேச்ச எண்ணெயிலதான் என் தாலி நிக்குது" என்று சொல்லி லெச்சுமியும் சிரிப்பாள்.

செல்லத்துரை மட்டும் கிண்ணத்தைத் தொடமாட்டான். எண்ணெய் தேய்க்காத உடம்போடு அருவிக்குள் போய் நிற்பான்.