எண்பது போட்டுக் கொடுத்த சிடி

மண்ணூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் உள்ள அத்தனை கம்பெனியிலும் சல்லடை போட்டுத் தேடினாலும் எண்பதைப் போல ஒரு கிறுக்கன் கிடைக்கமாட்டான். ஒரு சிடியில் எண்பது நிமிடப் பாட்டுதான் கொள்ளும் என்று நாளுக்கு நாலு முறை சொன்னதால் வந்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியே பார்க்கமாட்டான்.

சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். கார் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். மண்ணூரில் நானும் அவனும் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். பாதி அறையில் அவனுடைய பழைய கம்ப்யூட்டர் குடியிருந்தது. மீதியில் நாங்கள் படுத்துக்கொண்டோம்.

யாராவது காருக்குப் பாட்டு சிடி கேட்டால் லேசில் தரமாட்டான். எங்கே போகிறீர்கள், எந்த வழி, முன்சீட்டில் யார் என்று டாக்டர் மாதிரி விசாரித்து, பயண நேரத்துக்குத் தகுந்தபடி பாட்டுகளை அடுக்குவான். கம்ப்யூட்டர் சிடி எழுதும்போது ஃபேன் ஓடக்கூடாது. அதிர்வு வருமாம். கீழ்வீட்டு அம்மா கிரைண்டர் போட்டால் ஓடிப்போய்க் கும்பிடுவான். ஒருமுறை முக்கால்வாசி எழுதி முடித்த நேரத்தில் நான் தும்மிவிட்டேன். சிடி கெட்டதென்னவோ கரண்ட் போனதால்தான். ஆனாலும் அதன்மேல் சிவப்பு மார்க்கரில் ‘ரிஜெக்ட், காரணம்: தும்மல்’ என்று எழுதி, கீழே என்னிடம் கையெழுத்தும் வாங்கினான்.

எனக்கு மணிமங்கலத்தில் பெண் பார்த்தார்கள். நான் காண்ட்ராக்ட் தொழிலாளி. புரோக்கரோ பெர்மனெண்ட் என்று சொல்லிவைத்திருந்தார். உண்மையைச் சொல்லிவிடச் சொல்லி எண்பது ஒரு வாரம் நச்சரித்தான். நல்ல இடம் கைநழுவிவிடுமே என்று நான் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் அவனும் விட்டுவிட்டு, போகும்போது காரில் கேள் என்று ஒரு சிடி கொடுத்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கண்டெய்னர் லாரி நெரிசலில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்பது அவன் கணக்கு. இரவல் வாங்கிய காரை நான் ஓட்ட, அக்காவோடு போனது ஞாயிற்றுக்கிழமை. சாலை காலி. பாதி சிடி ஓடுவதற்குள் பெண் வீடு வந்துவிட்டது.

பெண்ணுக்கு என்னைப் பிடித்திருந்தது. எனக்கு அவளை எவ்வளவு பிடித்தது என்று சொன்னால் இப்போதும் கேலி செய்வாள். கிளம்பும்போது அவளுடைய தாய்மாமன், ஒரகடத்தில் இறங்கிக்கொள்வதாகச் சொல்லி முன்சீட்டில் ஏறினார். சிடி விட்ட இடத்திலிருந்து பாடியது. படப்பை தாண்டியதும் பாட்டு நின்று, எண்பதின் குரல் வானொலி அறிவிப்பாளர் தோரணையில் நாலு ஸ்பீக்கரிலும் வந்தது.

“லே, இன்னும் பத்து நிமிசத்துல பொண்ணு வீடு வந்துரும். காண்ட்ராக்ட்டுன்னு நீயே வாயத் தொறந்து சொல்லிரு. அந்தப் புள்ள ஒன்ன நம்பி வரப்போவுது. அடுத்து ஒரு குத்துப்பாட்டு. தைரியம் வரும்.”

குத்துப்பாட்டு வந்தது. தைரியம் வரவில்லை. பின்சீட்டில் அக்கா கண்களை இறுக மூடிக்கொண்டாள். மாமா பாட்டைக் கடைசி வரை கேட்டுவிட்டு, வண்டியைத் திருப்பச் சொன்னார்.

பெண் வீட்டில் எல்லார் முன்னாலும் நின்று, புரோக்கர் பொய் சொன்னார் என்று ஆரம்பித்து, நானும் மறைத்தேன் என்று முடித்தேன். பெண்ணின் அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். மாமாதான் வாயைத் திறந்தார்.

“பையன் மறச்சது தப்புதான். ஆனா இவன்கூட தங்கிகினு கீற ஒருத்தன், மொகம் தெரியாத நம்ம பொண்ணுக்காகப் பேசறான் பாரு. அவனை ஃப்ரெண்டா வச்சிகினு கீறவன் ரொம்பக் கெட்டவனா இருக்கமாட்டான்.”

பெண் கதவோரம் நின்று, வேறு எதையாவது மறைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். குறட்டை விடுவேன் என்றேன். சிரித்துவிட்டாள். ஆனாலும் முடிவு சொல்ல ஒரு மாதம் கேட்டார்கள்.

அறைக்கு வந்து எண்பதின் சட்டையைப் பிடித்தேன். அவன் முழுதும் கேட்டுவிட்டு, “ஞாயித்துக்கெழம போறன்னு ஏம்ல எங்கிட்ட சொல்லல?” என்றான், என்மேல்தான் தப்பு என்பது போல.

ஆனால் அந்த ஒரு மாதமும் அவன் யாருக்கும் சிடி போடவில்லை. ஷிப்ட் விட்டு வந்ததும், போன் வந்ததா என்று கேட்பான். இல்லை என்றால் சாப்பிடாமல் படுத்துவிடுவான். சம்மதம் என்று போன் வந்த அன்று என்னைவிட அவன்தான் அதிகம் அழுதான். கேட்டால் வெங்காயம் என்றான். நாங்கள் அன்று சமைக்கவே இல்லை.

கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளைத் தோழன் யார் என்று கேட்டார்கள். சித்தப்பா மகன் பட்டு வேட்டியோடு தயாராக நின்றான். எண்பதோ மண்டபத்துக் கோடியில், சவுண்ட் சர்வீஸ்காரரிடம் தகராறு செய்துகொண்டிருந்தான். கழுத்தில் மாலையோடு நானே எழுந்துபோய், அவன் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.