பாலைவனத்தைத் திட்டிய மப்பு அங்கிள்

ஒரு பாலைவனத்தை நேருக்கு நேர் நின்று திட்டிவிட்டு, அது மன்னிப்புக் கேட்கவில்லையே என்று மூன்று நாள் முறைத்துக்கொண்டிருந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். எங்கள் மப்பு அங்கிள்.

மன்னார்க்காரர். மெல்பர்னில் ஒரு பேக்கரியில் காலமெல்லாம் பாண் சுட்டு ஓய்வு பெற்றவர். மாதம் ஒருமுறை, நிலவில்லாத சனிக்கிழமையில், கிளேட்டன் பக்கத்து நண்பர்கள் ஐந்து பேர் தொலைநோக்கிகளை ஏற்றிக்கொண்டு வடமேற்கே ஆறு மணி நேரம் ஓட்டி, பாலைவன ஓரத்துக்கு நட்சத்திரம் பார்க்கப் போவோம். போகலாமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்கிறவர் அங்கிள்தான்.

நான் சேர்ந்த புதிதில் காலை எட்டு மணிக்கு அவரிடமிருந்து போன். "தம்பி, இண்டைக்குச் சரியான மப்பு. ஒண்டும் செய்யேலாது."

நான் திருச்சிக்காரன். எங்கள் ஊரில் மப்பு என்றால் குடிபோதை. மனைவியிடம், "பெரியவருக்கு விடிஞ்சதுமே மப்பாம். வெக்கமே இல்லாம என்கிட்டயே சொல்றார்" என்றேன். அடுத்த மாதம் அவரைப் பார்த்ததும், "இப்ப பரவாயில்லையா அங்கிள்? மோர் குடிச்சீங்களா?" என்று அக்கறையாக விசாரித்தேன். அவர் ஊரில் மப்பு என்றால் மேகமூட்டம் என்று தெரிந்தபோது மற்றவர்கள் தரையில் உருண்டு சிரித்தார்கள். பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

வானிலை சொல்லும் செல்போன் ஆப்களை அவர் நம்பமாட்டார். பாலைவனத்துக்கு முந்தைய கடைசி ஊரில் பெட்ரோல் பங்க் நடத்தும் வெள்ளைக்கார அம்மாவுக்குப் போன் போட்டு, "ஹவ் இஸ் யுவர் ஸ்கை, மேடம்?" என்பார். தெற்கே இருந்து குளிர்காற்று அடித்து ஓய்ந்தால் அடுத்த இரண்டு இரவு வானம் கழுவிவைத்த மாதிரி இருக்கும் என்பது அவர் கண்ட விதி. அது பல வருடம் பிசகவில்லை.

பிறகு பாலைவனம் குணம் மாறியது. ஒரு ஜனவரியில், காய்ந்து வெடித்திருக்கவேண்டிய மண்ணில், இரவெல்லாம் மழை. காருக்குள் ஐந்து பேரும் கண்ணாடி வழியாகத் தவளைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தோம். அங்கிள் குடையை விரித்துக்கொண்டு இறங்கி, இருட்டைப் பார்த்துக் கத்தினார்: "நீயெல்லாம் ஒரு பாலைவனமோ? வெக்கமில்லை?"

அடுத்த முறை பனி. தொலைநோக்கியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மகளின் ஹேர் டிரையரை கார் பேட்டரியில் சொருகி லென்சைக் காயவைத்தபடி, "பாலைவனத்தில நிண்டு தலை காயவைக்கிற சனம் நாங்கள்தான்" என்றார். அதற்கடுத்த முறை எங்கோ எரிந்த புதரின் புகை. மூன்று முறையும் போகலாம் என்று சொன்னவர் அவர்.

"அவர் வந்தாலே மேகமும் கூட வருது" என்றான் எங்களில் ஒருவனான பிரகாஷ். எல்லோரும் சிரித்தோம். அங்கிள் இல்லாமல் ஒரு புது வாட்ஸப் குரூப் உருவானது. உருவாக்கியது நான்.

அந்த மாதம் ஆப்பில் எல்லாம் பச்சை. நாலு பேராகக் கிளம்பினோம். கடைசி ஊரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு போன ஒரு மணி நேரத்தில் என் போன் அடித்தது. அங்கிள்.

"எடுக்காதீங்க. விஷயம் தெரிஞ்சிருச்சு போல" என்றான் பிரகாஷ்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். அது அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. சாயங்காலம், தொலைநோக்கிகளைத் திறந்து நிறுத்திய நேரத்தில், மேற்கே ஒரு சிவப்புச் சுவர் எழும்பி வந்தது. தூசிப் புயல். கூடாரம் பறந்தது. என் புதுத் தொலைநோக்கியின் கண்ணாடியில் பாலைவனம் குடியேறிவிட்டது.

மறுநாள் காலை பங்க் அம்மா எங்களைப் பார்த்துத் திகைத்தார். "உங்க நண்பர் சொல்லலையா? நீங்க போனப்புறம்தான் மேற்கே இருந்து என் தம்பி கூப்பிட்டான், புயல் வருதுன்னு. உங்க நம்பர் என்கிட்ட இல்ல. அப்பப் பார்த்து அவர் வழக்கம்போல போன் பண்ணார். உங்க ஆளுங்க இப்பத்தான் போறாங்கன்னு சொன்னேன். உடனே கூப்பிடுறேன்னு வெச்சுட்டாரே!"



திங்கட்கிழமை அங்கிள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அவர் என் கையிலிருந்த தொலைநோக்கிப் பெட்டியைத்தான் பார்த்தார். "துணியால துடைச்சீரோ?"

"இல்ல அங்கிள்."

"நல்லது. கீறிப்போடும்."

சமையலறைத் தொட்டியில் கண்ணாடியைக் கிடத்தி, தண்ணீர் விட்டு விட்டுக் கழுவினார். ஒரு மணி நேரம்.

"அங்கிள், அந்த குரூப் வந்து..."

"தண்ணியை மெல்லமா ஊத்தும்."

ஊற்றினேன். கண்ணாடியைச் சாய்த்து வைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி சொன்னார்: "ஏழு தரம் உமக்குப் போன் எடுத்தனான்."

அவ்வளவுதான். அதற்குமேல் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பாலைவனத்துக்குக் கிடைத்த மரியாதைகூட எனக்குக் கிடைக்கவில்லை.

கொஞ்ச நாளில் அவர் சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார். எங்கள் குரூப்பும் கலைந்தது. போன மாதம் ஆபீஸ் வேலையாகச் சிட்னி போனவன், தயங்கித் தயங்கி அவர் வீட்டு மணியை அடித்தேன். "ஆர், தம்பியோ? வாரும்" என்றார். அதில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை.

பின்பக்கம், தொலைநோக்கிக்குப் பக்கத்தில், இரண்டு நாற்காலி போட்டார். மேலே முழுக்க மேகம். வேலை எப்படி என்று கேட்டார்; மகள் நலமா என்று கேட்டேன். அரை மணி நேரம் கழித்து எழுந்தேன்.

"இரும். தெளியட்டும், சனியைப் பாத்திட்டுப் போம்" என்றார் வானத்தைப் பார்த்தபடியே.

உட்கார்ந்தேன். அன்றைக்கு அந்த வானம் தெளியவே வேண்டாம் என்று இருந்தது எனக்கு.