ஈரநிலம் எண் ஏழு

அக்டோபர் மாதம் ஏழாம் நாள், செவ்வாய்க்கிழமை. வானம் மேகமற்று விளங்கியது. காற்று மிதமாக வீசியது. வெயில் தன் கடமையை வழுவாது ஆற்றியது. மனித குலம் நெருப்பைக் கண்டறிந்த நாளுக்கும் சக்கரத்தைக் கண்டறிந்த நாளுக்கும் அடுத்தபடியாக வைத்துப் போற்றத்தக்க நாள் அது. அன்றுதான் ஒரு நகராட்சி, தன் எல்லைக்கு உட்பட்ட ஈரநிலங்கள் அனைத்தையும் ஐயத்திற்கு இடமின்றிக் 'காப்பாற்றி முடித்தது'.

இப்பெருஞ்செயலின் நடுநாயகமாக விளங்கியவர் நகராட்சியின் வரைவாளர். வரைவாளர் எனப்படுபவர் யாவர்? நிலத்தைப் பார்த்து வரைபடம் வரைபவர் என்று விடை கூறுவோர் உளர். அது பழைய முறை. இந்த அலுவலகத்தில் வரைபடமே முதலில் பிறக்கும். நிலம் பிறகு அதற்கு ஏற்ப நடந்துகொள்ள வேண்டும். நடந்துகொள்ளாத நிலத்திற்கு அறிவிப்பு அனுப்பப்படும்.

இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் அவர் ஒரு கோடுகூட அழித்ததில்லை. அவர் மேசையில் அழிப்பான் என்னும் பொருளே கிடையாது. இதனைப் பாராட்டி நகராட்சி அவருக்கு 'பிழையறியாக் கை' என்னும் சான்றிதழை வழங்கியிருந்தது. அதற்குக் கண்ணாடிச் சட்டமிட்டு, தாம் நிமிர்ந்தால் கண்ணில் படும் உயரத்தில் மாட்டியிருந்தார். அடிக்கடி நிமிர்வார்.

இனி, மூன்று வாரங்களுக்கு முன் நிகழ்ந்தவற்றைக் காண்போம்.

ஈரநிலங்களையும் அவற்றைச் சூழ்ந்த காப்பு வளையங்களையும் பேணுவதற்கான விதிகள் அப்போது நடைமுறைக்கு வந்திருந்தன. வரைபடத்தில் உள்ள ஈரநிலத்தின் விளிம்பிலிருந்து முப்பது மீட்டர் வரை எவரும் கட்டடம் கட்டவோ தொழில் செய்யவோ கூடாது என்பது முதல் விதி. ஒப்பமிட்ட வரைபடத்தில் எதையும் அழிக்கக் கூடாது என்பது நான்காம் விதி. ஒன்பதாம் விதி சற்று நுட்பமானது: 'காணாமற்போன ஈரநிலத்தை, குழுவின் முன்னிலையில், வரைபடத்தில் நீர் காணப்படும் வேறோர் இடத்திற்கு மாற்றி வரையலாம்.' இதன் பொருள் எவருக்கும் விளங்கவில்லை. ஆகவே அது ஒருமனதாக நிறைவேறியது.

வரைபடத்தில் ஆறு ஈரநிலங்கள் இடம்பெற்றன. முதலாவது, பூங்காவின் நீரூற்று. ஆறாவது, ஆணையர் இல்லத்து மீன்தொட்டி. நடுவில் உள்ளவையும் இவற்றிற்குக் குறைந்தவை அல்ல.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் கோரைப்புல் சூழ்ந்த குளம் ஒன்று உண்டே, முந்நூறு நாரைகள் வந்து தங்குமே, மழை பெய்தால் நகரத்துத் தண்ணீரெல்லாம் அங்கேதானே வடிகிறது, அது எங்கே என்று சிலர் வினவக்கூடும். அது வரைபடத்தின் வலப்பக்கக் கீழ்மூலையில் இருந்தது. அம்மூலையில்தான் ஆணையரின் பெயர்க் கட்டமும் இருந்தது. முதல் ஆண்டில் அக்கட்டம் தீப்பெட்டி அளவே. பின்னர் அவர் 'ஈரநிலக் குழுத் தலைவர்' ஆனார், கட்டம் கோரைப்புல்லை மறைத்தது. 'நீர்ப்பறவைகளின் தோழர்' ஆனார், கரை மறைந்தது. சென்ற ஆண்டு 'சதுப்புநிலச் செம்மல்' ஆனபோது குளம் முழுவதுமே அவர் பெயருக்கு அடியில் போயிற்று. வரைபடத்தில் இல்லாத நீர் நீரன்று. எனவே அங்கே நான்கு மாடியில் 'ஈரநிலப் பாதுகாப்பு மாளிகை' கட்டுவதற்காக லாரிகள் மண் கொட்டத் தொடங்கியிருந்தன.

ஆணையர் ஒரு மாலைப்பொழுதில் வரைபடத்தில் ஒப்பமிட்டார். ஒரு கையால் ஒப்பமிட்டார், மறு கையில் தேநீர். மறுநாள் காலை வரைவாளர் வந்து பார்த்தபோது, தையற்காரர் தெருவின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது. வேறொருவராக இருந்தால் ஈரத்துணியைத் தேடியிருப்பார். வரைவாளரோ நான்காம் விதியை நினைத்தார். ஆணையர் எதன் மீது ஒப்பமிட்டாரோ அதில் இவ்வட்டமும் அடக்கம். ஆகவே நீல மையைத் தோய்த்து வட்டத்தை அழுத்தி வரைந்தார். உள்ளே கோரைக்குரிய சிறு கோடுகளை இட்டார். 'ஈரநிலம் எண் 7' என்று எழுதினார். வட்டத்தின் குறுக்களவு ஆறு சென்டிமீட்டர், நிலத்தில் அறுபது மீட்டர். அதன் நடுப்புள்ளி அவருடைய சொந்த அக்காவின் தையற்கடையில், தையல் இயந்திரத்தின் மிதிபலகை மீது விழுந்தது.

அவர் வட்டத்தை நகர்த்தினாரா? இல்லை. நிமிர்ந்து சான்றிதழைப் பார்த்தார். அக்காவுக்கு அறிவிப்பை எழுதத் தொடங்கினார்.

அறிவிப்பு கிடைத்த அன்றே அக்கா அலுவலகத்திற்குள் நுழைந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. சேலையில் நான்கு ஊசிகள் குத்தியிருந்தன.

"டேய் தம்பி, என்னடா இது? என் கடையில இருந்த ஏரி காணாமப் போச்சாம். நான்தான் எடுத்தேனாம்."

"'எடுத்தீர்'னு போடலக்கா. 'மூடிவிட்டீர்'னுதான் போட்டிருக்கோம்."

"பரவால்ல, மரியாதையாத்தான் திட்டியிருக்கீங்க."

"பதினஞ்சு நாள்ல பழைய நிலைமைக்குக் கொண்டுவந்துடு. இல்லன்னா கடைய மூடணும். அவ்வளவுதான்."

"எந்தப் பழைய நிலைமைடா? முப்பது வருஷமா நான் தைக்கிறேன். அதுக்கு முன்னால சைக்கிள் கடை."

"அதுக்கும் முன்னால?"

"டைனோசர் பஞ்சர் ஒட்டிட்டு இருந்துச்சு. கேக்குற கேள்வியப் பாரு!" அக்கா வரைபடத்தின் மேல் குனிந்தார். நகத்தால் சுரண்டி, முகர்ந்தும் பார்த்தார். "டேய், இது டீக்கறைடா! ஊரு சட்டையெல்லாம் கறை பார்த்த கண்ணு இது. ஏலக்காய் வாசனைகூடப் போகல."

"மெதுவாப் பேசுக்கா. கறையா இருந்தப்ப இருந்துச்சு. இப்ப அரசிதழ்ல வந்துடுச்சு."

"நீ படிக்கப் போறதுக்கு முதல் பேனாப் பை நான் தைச்சுக் கொடுத்தேன். அந்தப் பேனாவ வச்சு என் கடையிலயே ஏரி வெட்டியிருக்க."

"வெட்டலக்கா. அடையாளம் காட்டியிருக்கேன்."

விதிப்படி அடுத்தது கள ஆய்வு. நகராட்சியின் ஈரநில வல்லுநர் முழங்கால் வரை ரப்பர் காலணி அணிந்து தையற்கடைக்கு எழுந்தருளினார். வரைவாளர் குறிப்பேட்டுடன் பின்தொடர்ந்தார். வாசற்படியில் வல்லுநர் ஒரு குச்சியால் தரையைக் குத்தி ஆழம் பார்த்தார். தரை சிமெண்டு. 'அடித்தளம் உறுதியானது' என்று எழுதச் சொன்னார்.

"தண்ணி எங்கம்மா?"

"குடிக்கவா சார்?"

"ஆய்வுக்கு."

அக்கா ஒரு செம்பில் கொடுத்தார். வல்லுநர் பருகினார். 'நீர் உள்ளது. தெளிவானது. குளிர்ச்சியும் நன்று.' இஸ்திரிப் பெட்டியிலிருந்து எழுந்த ஆவி 'காலை மூடுபனி' என்று பதிவாயிற்று. மிதிபலகையின் கிறீச்சொலி 'தவளை, இனம் புதிது' என்று பதிவாயிற்று. மூலையில், அளவுச் சட்டை போர்த்தி, தலையின்றி, ஒற்றை இரும்புக் காலில் நின்றது தையற்பொம்மை. அதன் முன் வல்லுநர் மூச்சடக்கி நின்றார்.

"அசையாதீங்க. பெரிய பறவை. ஒத்தக் கால்ல நிக்குது. தலையை இறக்கைக்குள்ள வச்சுத் தூங்குது."

"சார், அது நாற்பத்திரண்டு இன்ச் மார்பளவு சார்."

"அப்ப நல்லா வளர்ந்த பறவை. எழுதுப்பா."

வரைவாளர் எழுதினார். அவர் கையெழுத்து முத்துப் போன்றது.

ஆய்வின் விளைவாக உடனடி ஆணைகள் பிறந்தன. அந்தப் பறவையை எவரும் தொடக் கூடாது. தையல் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. காப்பு வளையத்திற்குள் அகப்பட்ட முடிதிருத்துநர், கத்தரிக்கோல் ஓசையின்றித் தொழில் செய்ய வேண்டும். அவர் இரண்டு நாள் முயன்று, மூன்றாம் நாள் கடையைப் பூட்டிவிட்டுப் போனார். அதனைப் 'பறவைகளின் வலசை' என்னும் தலைப்பில் பதிவு செய்தனர்.

அக்காவுக்கு ஒரு முறையீட்டு வாய்ப்பு அளிக்கப்பட்டது. அந்நாளே அக்டோபர் ஏழு.

கூட்ட அறையில் நீண்ட மேசை, அதன்மேல் விரித்த வரைபடம், தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி. தலைமை இருக்கையில் ஆணையர். அவர் முன் அடி தடித்த கண்ணாடி டம்ளரில் தேநீர். வலப்புறம் வல்லுநர், காலணியைக் கழற்றாமல். இடப்புறம், மின்விசிறியின் பொத்தானுக்கு அருகே, நீல மை நிரப்பிய பேனாவுடன் வரைவாளர். காலை பதினொன்றரைக்கு அக்கா அழைக்கப்பட்டார்.

"சொல்லுங்கம்மா," என்றார் ஆணையர். "ஏரியத் திருப்பிக் கொடுக்கப் போறீங்களா?"

"உங்க டம்ளரைக் கொஞ்சம் கொடுங்க சார், சொல்றேன்."

ஆணையர் கடைசி மிடறைக் குடித்துவிட்டுக் கொடுத்தார். அக்கா அதை ஈரநிலம் எண் ஏழின் மேல் வைத்தார். மயிரிழை பிசகாமல் பொருந்தியது.

"பாத்தீங்களா!" என்றார் ஆணையர், குரல் தழுதழுக்க. "என் டம்ளர் அளவுக்கே ஏரி அமைஞ்சிருக்கு. இயற்கைக்குத்தான் எவ்வளவு மரியாதை தெரியுது!"

"ஏரி உங்க டம்ளர் அளவுக்கு அமையல சார். கோழி முட்டை போட்ட மாதிரி உங்க டம்ளர்தான் ஏரி போட்டிருக்கு."

வல்லுநர் இருமினார். இருமல் நடுநிலையானது.

"அழிக்க முடியாதும்மா," என்றார் ஆணையர். "நாலாம் விதி. நானே நினைச்சாலும் முடியாது."

"அழிக்க வேண்டாம் சார். ஒன்பதாம் விதி இருக்கே. காணாமப் போன ஏரிய, வரைபடத்துல தண்ணி தெரியுற இடத்துக்கு மாத்தலாம்னு நீங்கதான எழுதியிருக்கீங்க?"

அந்த விதியை ஒருவர் படித்திருப்பார் என்று குழு எதிர்பார்க்கவில்லை. அக்கா மேசையில் இருந்த தண்ணீர்ச் சாடியில் டம்ளரின் அடியைத் தோய்த்தார். வலப்பக்கக் கீழ்மூலையில், ஆணையரின் பெயர்க் கட்டத்தின் நடுவே, 'சதுப்புநிலச் செம்மல்' என்னும் பட்டத்தின் மீது அதை அழுத்தி வைத்து எடுத்தார். நீர் வளையம் ஒன்று பளபளத்தது.

"தண்ணி தெரியுது சார்."

"அது என் பேரும்மா!"

"பேருக்குக் கீழதான் சார் கோரைக் குளம் இருக்கு. முந்நூறு நாரையும் உங்க பட்டத்து மேலதான் நிக்குது. தெருத் தண்ணியெல்லாம் அங்கதான் போகுது. வளையத்த அங்க போட்டா லாரி நிக்கும், என் மெஷின் ஓடும். விதிக்கு விதியும் ஆச்சு."

வல்லுநர் விதிநூலைப் புரட்டினார். முன்னும் பின்னும் பார்த்தார். "சட்டப்படி சரிதான் சார்," என்றார், தமக்கே கேட்காத குரலில். "ஆனா தண்ணி தெரியுறப்பவே வரைஞ்சாகணும்."

ஆணையர் புன்னகைத்தார். அவர் சினங்கொண்டதை எவரும் பார்த்ததில்லை. புன்னகைத்ததைப் பார்த்தவர்கள் பலர் இப்போது பணியில் இல்லை.

"நான் தடுக்கவே இல்லப்பா," என்றார் வரைவாளரிடம். "விதின்னா விதிதான். என் பேர் மேல பேனா வைக்கப்போற முதல் ஆளு நீ. வையி. நாலு மாசத்துல உனக்குப் பிரிவு உபசார விழா வேற வருது. நல்லா யோசிச்சு வையி."

வரைவாளர் பேனாவின் மூடியைத் திறந்தார். ஒரு வட்டம், கையைச் சுழற்றினால் போதும். அதைவிடக் கடினமான வட்டங்களை அவர் கண்ணை மூடிக்கொண்டே வரைந்திருக்கிறார். பேனா முனை 'செம்மல்' என்னும் சொல்லுக்கு ஓரங்குலம் மேலே சென்று நின்றது. மின்விசிறி சுழன்றது. வளையத்தின் மேல்விளிம்பு உலரத் தொடங்கியது.

"வரைடா," என்றார் அக்கா.

அவர் நிமிர்ந்தார். சான்றிதழ் இந்த அறையில் இல்லை. ஆயினும் தெரிந்தது.

"ஃபேனையாவது நிறுத்துடா. உன் முழங்கைப் பக்கத்துலதான இருக்கு பொத்தான்."

இருந்தது. முழங்கையைச் சற்று நகர்த்தினால் போதும். அவர் நகர்த்தவில்லை. நகர்ந்தால் மை சிந்தும், சிந்தினால் கறை படும், கறை பட்டால் அது பிழை. பிழை செய்வது அவர் வழக்கம் அன்று. வளையம் பிறையாயிற்று. பிறை கோடாயிற்று. கோடு புள்ளியாயிற்று. ஆணையர் இன்னொரு தேநீருக்குச் சொல்லியனுப்பினார். புள்ளியும் போயிற்று.

"நீர் காணப்படவில்லை," என்று வல்லுநர் அறிவித்தார். முறையீடு தள்ளுபடியானது. தையற்கடையை மாலைக்குள் மூடுவதென்றும், மாளிகைப் பணியை விரைவுபடுத்துவதென்றும், பிழை நேராமல் காத்த வரைவாளருக்கு மற்றொரு சான்றிதழ் வழங்குவதென்றும் தீர்மானங்கள் நிறைவேறின. ஈரநிலங்கள் அனைத்தும் காப்பாற்றப்பட்டன.

அக்கா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, சுருட்டி, தம்பியின் முன் வைத்தார். அவர் கோபப்படவில்லை. அதுதான் வரைவாளருக்கு எழுதிக்கொள்ள வசதியாக இல்லை.

"தண்ணியே இல்லாத இடத்துல ஏரி வரையிறப்ப உன் கை ஆடல தம்பி. தண்ணி இருக்குற இடத்துல வரையச் சொன்னா மட்டும் அசையவே மாட்டேங்குது. டீ கொட்டினவரு கைகழுவிட்டுப் போயிடுவாரு. அந்தக் கறைக்குக் கரை கட்டினது நீதான்டா."

கதவு சாத்தப்பட்டது. பேருந்துப் பணிமனைப் பக்கமிருந்து லாரி ஒன்று மண்ணைச் சாய்க்கும் ஓசை கேட்டது. ஒரே நேரத்தில் பல சிறகுகள் எழும் ஓசையும் கேட்டது. வரைவாளர் பேனாவை மூடவில்லை. மை நிறைய இருந்தது. குறிப்பேட்டை இழுத்து, முத்துப் போன்ற கையெழுத்தில் அன்றைய கடைசி வரியை எழுதினார்:

'வரைபடத்தில் திருத்தம் ஏதுமில்லை. நேரம்: முற்பகல் பதினொரு மணி நாற்பத்திரண்டு நிமிடம்.'