மூன்றாவது நாற்காலியில் எழுதிய தேர்வு

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் மகளும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போன் செய்தால் ஐந்தாவது வார்த்தையில் "அண்ணே, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இன்னும் வந்தபாடில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். உன் மருமகள், அதான் என் மகள், தேர்வில் முறைகேடு செய்ததாகக் கல்லூரியிலிருந்து ஓலை வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் இந்த வருடத் தேர்வுகள் அத்தனையும் ரத்து. புள்ளியியல் மூன்றாம் ஆண்டு, இன்னும் ஒரே படி. குற்றம் சாட்டியிருப்பது மனிதர்கூட இல்லை, கண்காணிப்பு மென்பொருள். அதைக் கொண்டுவந்த பல்கலைக்கழகக் குழுவுக்கு நீதான் தலைவி. ஆகவே கோபத்தை யார்மேல் காட்டுவது என்று நான் அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை.

போன வருடம் நீ மேடையில் பேசியதைச் சலூனில் வேலைக்கு நடுவே வீடியோவில் பார்த்தேன். "இனி எந்த மாணவரும் வீட்டிலிருந்தபடியே, தனக்கென்று ஓர் அமைதியான அறையில் அமர்ந்து தேர்வு எழுதலாம், எல்லோருக்கும் சம வாய்ப்பு" என்றாய். நான் கைதட்டினேன். பாதி சவரத்தில் உட்கார்ந்திருந்தவரும் தட்டினார். அப்புறம்தான் உறைத்தது. எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு அறை. அதில் சிக்னல் கிடைப்பது ஜன்னலோரம், ஜன்னலோரம் உன் அண்ணியின் தையல் மெஷின். சத்தம் கேட்டால் மென்பொருள் எச்சரிக்குமாம். வேறு வழியில்லாமல், வார விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் என் சலூனில், சிக்னல் நன்றாக வரும் மூன்றாவது நாற்காலியில் மகளை உட்காரவைத்தோம். அங்கே ஆரம்பித்தது வினை.

முதலில் மாதிரித் தேர்வு. சலூன் என்றால் முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி. முடி வெட்டிக்கொண்டவர் பின்னந்தலையைப் பார்க்க வேண்டாமா? போனைப் பவுடர் டப்பாவில் சாய்த்துவைத்தோம். போன் திரைக்குள்ளே அவள், அவளுக்குப் பின்னால் இன்னொரு அவள், அதற்கும் பின்னால் இன்னொருத்தி. "அறையில் பதினொரு நபர்கள் உள்ளனர்" என்று திரை சிவந்தது. உதவி எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார்.

"சார், மத்தவங்களை வெளிய போகச் சொல்லுங்க."

"எல்லாமே என் பொண்ணுதாம்மா."

"பதினொரு பொண்ணா சார்?"

"ஒண்ணுதாம்மா. சலூன் கண்ணாடியில தெரியுது."

"அப்ப மத்த பத்து பேரை மட்டும் அனுப்பிடுங்க சார்."

முடி வெட்டும்போது போர்த்துகிற துணிகளை எடுத்து எல்லாக் கண்ணாடியையும் மூடினேன். இப்போது ஏழு பேர் என்றது. சுவரில் ஒட்டியிருந்த முடியலங்காரப் படத்தில் ஆறு இளைஞர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் கிழித்தெடுத்தேன். மூன்று தடவைக்கு மேல் திரையைவிட்டுக் கண்ணை எடுத்தால் தேர்வு தானே முடிந்துவிடும் என்று வேறு ஒரு விதி. எங்கள் நாற்காலியோ மூச்சுவிட்டாலே சுழலும். அதைக் கயிறு போட்டுக் கட்டினேன்.

தேர்வன்று ஷட்டரை இறக்கிவிட்டு வெளியே ஸ்டூல் போட்டுக் காவல் உட்கார்ந்தேன். அன்றைக்கென்று ஊரில் இருக்கிற தாடியெல்லாம் என் கடைக்கே வந்தது. மருந்துக்கடைக்காரர் போகவே மாட்டேன் என்றார்.

"அண்ணே, ஒரே ஒரு ஷேவிங்."

"மெதுவாப் பேசுய்யா, உள்ள பரீட்சை நடக்குது."

"சலூன்லயா? என்ன பாடம்ணே, கட்டிங்கா?"

மகள் சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். பத்தாம் நாள் ஓலை வந்தது. நாற்பத்தேழாம் நிமிடத்தில் மாணவியின் பின்னால் இன்னொரு நபர் இருந்தாராம். பின் கண்ணாடியின் துணி நழுவியிருக்கும், அதில் அவள் உருவமே தெரிந்திருக்கும், அவ்வளவுதான். நான் ஸ்டூலைவிட்டு அசையவில்லை. முப்பது வருடமாக முகத்தைப் பார்த்துப் பிழைப்பவன் நான். இரட்டைப் பிள்ளைகள் வந்தாலும் யாருக்குச் சுழி எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவேன். உங்கள் மென்பொருளுக்கு ஒரு முகத்தை ஒன்று என்று எண்ணத் தெரியவில்லை.

உன் வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. வகுப்பில் புரியாத பாடத்தை உங்கள் பாட வீடியோவை மூன்று தடவை ஓடவிட்டுத்தான் இவள் புரிந்துகொண்டாள். வாத்தியாரிடம் மூன்று தடவை கேட்க இவளுக்கு வாய் வராது. பாடம் சொல்லும்போது அந்தத் திரை வீட்டைப் பார்ப்பதில்லை, பரீட்சை வைக்கும்போது மட்டும் வீட்டைத் துருவித் துருவிப் பார்க்கிறது. தனி அறை இருக்கிற பிள்ளை யோக்கியம், இல்லாத பிள்ளை சந்தேகம் என்று ஆகிவிட்டதே, அதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

உனக்கு எழுதக்கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "அத்தை வந்து காப்பாத்தினா, நான் தப்புப் பண்ணினேன்னுதான்பா எல்லாரும் நினைப்பாங்க" என்கிறாள். நீ சிபாரிசு செய்ய வேண்டாம். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் ஒரு தடவை வந்து, உன் குழுவோடு அந்த மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போ. அது போதும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக வளரட்டும்.

உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், கை வரவில்லை. துணி நழுவவில்லை. அந்த இன்னொரு நபர் நான்தான். மருந்துக்கடைக்காரரை அனுப்பிவிட்டுப் பின்வாசல் வழியாக உள்ளே போனேன். எட்டாவதோடு நின்றவன், காலேஜ் பரீட்சை எழுதும்போது என் பிள்ளை எப்படி இருப்பாள் என்று ஒரு தடவை பார்க்க ஆசையாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை. திறந்தாலும் அந்தக் கேள்விகளில் ஒரு வரி எனக்குப் புரியாது. கண்ணை எடுத்தால் தேர்வு போய்விடும் என்று அவள் திரும்பவே இல்லை, நான் வந்தது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அன்று உங்கள் மென்பொருள் சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. நீ வர வேண்டாம். வெள்ளிக்கிழமை நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். நம்புவார்களோ மாட்டார்களோ, அவளுக்குத் தெரியாது என்பதையாவது நம்பவைத்துவிட்டு வருகிறேன். உன்னிடம் ஒரே ஒரு சிபாரிசு கேட்கிறேன். அந்த நாற்பத்தேழாம் நிமிடம் அவர்களிடம் பதிவாகி இருக்கிறதாம். நான் அவளைப் பின்னால் இருந்துதான் பார்த்தேன். விசாரணை எப்படி முடிந்தாலும், எழுதும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்.