அறுநூற்றுப் பன்னிரண்டு பித்தளைக் கூடுகளும் கொஞ்சம் புளியும்

திண்டிவனம்,
14.6.2013

வளவனூர் திரு. அப்பாதுரை அவர்களுக்கு, தெய்வசிகாமணி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. 'சம்பந்தி' என்று தொடங்கலாமா கூடாதா என்பதே இந்தக் கடிதத்தின் விஷயம் என்பதால் இப்போதைக்குத் 'திரு.' போட்டிருக்கிறேன். இங்கு நானும் மனைவி கிளியம்மாளும் நலம். அங்கு தாங்களும் வீட்டாரும் கரும்பும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

செவ்வாய்க்கிழமை தரகர் பச்சைமுத்து வந்தார். வந்தால் இரண்டு காபி குடிக்கிறவர் அன்று வாசலிலேயே நின்றார். "பையன் வூட்லயே தோட்டா செய்றானாமே சார். பொண்ணு வூட்ல பயந்துக்கினு இருக்காங்க, இந்த எடம் வேணாங்கிறாங்க" என்றார். தங்கள் மைத்துனர் ஃபேஸ்புக்கில் படம் பார்த்தாராம். படம் உண்மை. மேசையில் வரிசையாக நிற்பவை தோட்டாக்கள், பின்னால் சிரித்துக்கொண்டு நிற்பவன் என் மகன் சுதாகர். நாங்கள் பெண் பார்க்க வந்த அன்று பையனுக்குப் பொழுதுபோக்கு என்ன என்று தாங்கள் கேட்டபோது சதுரங்கம் என்று நான் சொன்னதுதான் பொய். எங்கள் வீட்டில் சதுரங்கப் பலகையே கிடையாது.

நடப்பது இதுதான். அவன் வேலை பார்க்கும் டெக்சாஸில் சனிக்கிழமை கிளப்புக்குப் போய்க் காகிதத்தைச் சுடுவார்கள். மனிதரை அல்ல, பன்றியைக்கூட அல்ல, காகிதத்தை. சுட்டபின் காலிப் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, துலக்கி, வெடிமருந்தை எடைபோட்டு நிரப்பி, அடிபம்புக் கைப்பிடி மாதிரி ஒன்றை இழுத்துப் புதுக் குண்டைப் பொருத்தி, மறுபடி காகிதத்தையே சுடுவார்கள். அங்கே சட்டம் விடுகிறது. இங்கே செய்தால் உள்ளே வைப்பார்கள் என்பது எனக்கும் தெரியும். காகிதத்தில் ஓட்டை போட இவ்வளவு பாடா என்று கேட்டேன். "ஆமாம்பா" என்றான்.

இரண்டு வருஷத்துக்கு முன் நாங்கள் அங்கே மூன்று மாதம் இருந்தோம். அவன் ஆபீசுக்குப் போன ஒரு நாள் கிளியம்மாள் வாளி நிறையக் கறுத்த பித்தளையைப் பார்த்துவிட்டாள். அவளுக்குப் பித்தளை என்றால் பித்தளைதான், குத்துவிளக்கானால் என்ன, தோட்டாவானால் என்ன. ஊரிலிருந்து கொண்டுபோன புளியைக் கரைத்து, உப்புப் போட்டு, அறுநூற்றுப் பன்னிரண்டையும் உட்கார்ந்து தேய்த்து, தோட்டத்தில் என் வேட்டியை விரித்து உலர்த்திவிட்டாள், அடுத்த வீட்டு அம்மாள் நாயைப் பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்று பார்த்தது பார்த்தபடியே இருந்தார், அவருக்கும் ஒரு கை புளி கொடுத்தாள். சாயங்காலம் பையன் வந்தான். இதற்கென்று ஒரு மிஷின் வைத்திருக்கிறான் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். திட்டப்போகிறான் என்று பயந்துகொண்டு நின்றோம். அவன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "மிஷின்ல கூட இப்பிடி வராதும்மா" என்றான்.

சுட்ட காகிதத்தின் அடியில் அன்று போட்ட மருந்தின் அளவை எழுதிவைப்பது அவன் வழக்கம். அந்தச் சனிக்கிழமைக் காகிதத்தில் ஐந்து ஓட்டையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கியிருந்தன. அடியில் 'அம்மாவின் புளி' என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினான். இன்னமும் இருக்கிறதாம்.

நான் முப்பத்தோரு வருஷம் எடை முத்திரை ஆய்வாளன். தென்னார்க்காடாக இருந்தபோதும் விழுப்புரம் மாவட்டம் ஆனபோதும் தராசு பார்த்தவன். அவன் மருந்து நிறுக்கும்போது எதிரே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து குற்றம் தேடினேன். போனை அணைத்துவிடுகிறான், பேசுவதில்லை, எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் அத்தனையையும் கொட்டி முதலிலிருந்து ஆரம்பிக்கிறான். அவ்வளவு சுத்தமான தராசை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தங்களிடம் சொல்கிறேன்.

ஆனாலும் பெண்ணைப் பெற்றவர் பயம் நியாயம். புதன்கிழமை அவனிடம் போனில் பேசினேன். "அவங்களுக்குப் பயம்னா வேணாம்பா, வித்துடறேன்" என்றான். எனவே எல்லாவற்றையும் விற்றுவிடுவான் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். சொன்ன சொல் பொய்யாகக் கூடாதென்று நேற்று கடைத்தெருவில் ஒரு சதுரங்கப் பலகையும் வாங்கிவிட்டேன். இவ்வளவுக்குப் பிறகும் தங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். வருத்தம்தான்.

தங்கள் வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பு. இளவரசி எந்த வீட்டுக்குப் போனாலும் நன்றாக இருக்க வேண்டும்.

தங்கள்,
தெய்வசிகாமணி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் போன் வந்தது. கிளியம்மாள் எடுத்தாள். தங்கள் மகள் இளவரசி. "அத்தை, நூறு கூட்டுக்கு எவ்ளோ புளி போடணும்?" என்று கேட்கிறாள். விற்கப்போகிறேன் என்று சுதாகர் அவளிடம் சொன்னானாம். "எங்கப்பா பயந்தா வித்துடுவீங்களா? நாளைக்கு அவரு என்னையே வேணாம்னு சொன்னா?" என்று கேட்டாளாம். இவன் விற்கவில்லை. ஆகவே மேலே நான் கொடுத்த உறுதி ரத்து. ஞாயிற்றுக்கிழமை அவளே தங்களிடம் பேசுவாளாம், அதுவரை தெரியாததுபோல் இருக்கவும். 'திரு.' என்பதைச் 'சம்பந்தி' என்று படித்துக்கொள்ளவும். பலகை பிரிக்காமல் அப்படியே இருக்கிறது, தங்களுக்கு ஆட்டம் தெரியுமானால் கொண்டுவருகிறேன்.

கிளியம்மாள் அவளுக்குச் சொன்ன அளவு: நூறு கூட்டுக்கு ஒரு எலுமிச்சம்பழம் அளவு புளி. அப்படி ஓர் எடை எந்தச் சட்டத்திலும் இல்லை. பார்த்தும் பாராததுபோல் இருந்துவிட்டேன்.