கூட்டம் ஏற ஏற

தண்ணீர் லாரிக்குப் பதிவு செய்யும் இணையப் பக்கம் திறப்பு விழா நாளன்றே உறைந்து நின்றது. அருப்புக்கோட்டையில் லாரித் தண்ணீர் வியாபாரம் செய்யும் அப்பா சண்முகவேலிடம், "இனி எல்லாமே ஆன்லைன்லதான்ப்பா" என்று மன்றாடி அதை உருவாக்கிக் கொடுத்தவள் மகள் ராமலட்சுமிதான்.

"என்னம்மா, சுத்திக்கிட்டே கெடக்கு?"

"கூட்டம்ப்பா. ஒரு கம்ப்யூட்டர் தாங்கல. கிளவுடுல வாங்கிருவோம். கூட்டம் ஏற ஏற அதுவா கம்ப்யூட்டரைக் கூட்டிக் குடுக்கும். வடிஞ்சதும் எடுத்துக்கிடும்."

"கிளவுடுன்னா?"

"மேகம்."

சண்முகவேல் வெளுத்துக் கிடந்த வானத்தை எட்டிப் பார்த்தார். "நம்மூர்ல, மேகத்தை நம்பியா?"

அவள் நம்பினாள். பக்கம் திறந்தது. திறந்த கையோடு ஊரே உள்ளே பாய்ந்தது.

கொஞ்ச நேரத்தில் வாடிக்கைக்காரர் கனகலட்சுமி சண்முகவேலின் போனில் வந்தார். அவர் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. "பதிவாயிருச்சுங்குது, லாரியைக் காணோமே அண்ணாச்சி! சனம் வந்து எறங்கிருச்சு. உலை வைக்கத் தண்ணி இல்ல!"

லாரி வராததால் அவர் மறுபடியும் பதிந்தார். மருமகன்கள் ஆளுக்கொரு போனில் பதிந்தார்கள். தெருத்தெருவாக இதே கதைதான். மேகம் கம்ப்யூட்டரைக் கொடுத்துக்கொண்டே இருந்தது, கூட்டம் விழுங்கிக்கொண்டே இருந்தது. பக்கம் மறுபடியும் உறைந்தது.

'ஆளுக்கு ஒரு நிமிஷம்' என்று ராமலட்சுமி கட்டுப்பாடு வைத்தாள். பாதி முகவரி அடிப்பதற்குள் வெளியே தள்ளப்பட்டவர்கள், பக்கத்து வீட்டு போனையும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

கடைசியில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினாள். பொறுமையில்லாமல் இன்னொரு தரம் அமுக்கியவர்கள் வரிசையின் வாலுக்குப் போனார்கள். பொறுமை யாருக்கு இருந்தது?

"லாரிக்காரங்களைக் கூப்பிட்டுக் கேளுங்கப்பா!"

"எங்கிட்டுக் கூப்பிட? வையிறவுக போனை வச்சாத்தானே!" சண்முகவேல் நாற்காலியில் சரிந்தார். "முப்பது வருசமா சம்பாதிச்ச பேரு, மத்தியானத்துக்குள்ள போயிருச்சு தாயி."

அவர் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

திருச்சுழி சாலையில், லாரிகள் தண்ணீர் பிடிக்கும் போர்வெல் அருகே எல்லா லாரிகளும் நின்றன. ஒவ்வொன்றும் நிரம்பித் தளும்பி, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. டிரைவர்கள் வேலிக்கருவை மர நிழலில் குத்தவைத்து, தலை நிமிராமல் போனை அமுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் முட்டின. "ஊரே தவிச்சுக் கெடக்கு, இங்க உக்காந்து போனை நோண்டுறீங்களாண்ணே?"

மூத்த டிரைவர் சோலைச்சாமி வேர்த்த முகத்தோடு நிமிர்ந்தார்.

"எந்தத் தெருவுக்குப் போகணும்னு பாக்க நாங்களும் இதுக்குள்ளதானே தாயி நுழையணும்? விடிஞ்சதுலேருந்து முட்டுறோம், சனம் வழிவிட மாட்டேங்குதே!"