ஜாமீன்தாரர் நலமாக இருக்கிறார்

குஷாய்குடா,
ஹைதராபாத்.

அன்புள்ள மாப்பிள்ளை கிருஷ்ணகுமாருக்கு, அத்தான் சௌந்தரராஜன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா வசந்தகுமாரியும் சுபாஸ்ரீயும் சௌக்கியம். தஞ்சாவூரில் நீங்கள் எல்லோரும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுகிறாரே என்று நினைப்பீர்கள். இப்போதெல்லாம் போனைத் தொடவே எனக்குக் கை வருவதில்லை.

சுபாஸ்ரீ போலாரத்தில் ஒரு ஃபிளாட் பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டாள். வீட்டுக் கடனுக்கு வங்கியில் போய் உட்கார்ந்தால், இன்ஜினியரிங் படிக்க வாங்கிய கல்விக் கடன் பாதி நிற்கிறது, அதற்கு ஜாமீன் போட்டவரின் சம்மதம் இல்லாமல் புதுக் கடன் கிடையாது என்கிறார்கள். ஜாமீன் போட்டது விஸ்வநாத், கம்பெனியில் என் பக்கத்து மேஜைக்காரர். அவர் காலமாகி மூன்று வருஷமாகிறது, நானும்தான் தோள் கொடுத்தேன். இதை எப்படிச் சொல்வது என்று நான் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்க, வங்கி அதிகாரி ஆக்னஸ், நம்ம நாகர்கோவில் பெண், சிரித்த முகமாக, "கவலைப்படாதீங்க சார், நேத்தே அவர்கிட்ட போன்ல பேசிட்டேன். நல்ல மனுஷர். உங்க முழங்கால் வலி எப்படி இருக்குன்னு விசாரிச்சார்" என்கிறாள். மாப்பிள்ளை, எனக்கு முழங்கால் வலி வந்ததே போன மழைக்காலத்தில்தான்.

"ராங் நம்பரா இருக்கும் டாடி, லைட் தீஸ்கோ" என்று சுபாஸ்ரீ சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விட்டாள். எனக்கு லைட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. விஸ்வநாத்தின் மனைவி ரமாவைப் பார்க்கப் போனேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "உங்க விஷயத்துலயும் பேசினாரா அண்ணா? போன வாரம் கேஸ் சிலிண்டர் வந்துச்சு. யாருப்பா புக் பண்ணதுன்னா, சார்தான் போன் பண்ணாருங்கறான். கேபிள்காரன்கிட்ட பேசியிருக்கார், இஸ்திரிக்காரன்கிட்ட பேசியிருக்கார். எனக்குத்தான் ஒரு போன் இல்லை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் நம்பரை அவள் போன மாதமே ரத்து செய்துவிட்டாளாம்.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நின்று, நல்ல வெயிலில், நாலு பேர் பக்கத்தில் இருக்கிற தைரியத்தில் அந்த நம்பரை அடித்தேன். மணி போச்சு. "சௌந்தர், சாப்பிட்டியா?" அதே குரல். பழக்க தோஷத்தில் "ஆச்சு, நீ?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன்.

"அதெல்லாம் இங்க கிடையாதுப்பா."

"விசு, நீ ஏன்டா இன்னும்..."

"கையெழுத்துப் போட்டிருக்கேனே. கடன் முடியற வரைக்கும் விட மாட்டேங்கறாங்க."

யார் விட மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்காமலே போனை வைத்துவிட்டேன். பேச்சு கேட்டதே தவிர, நடுவில் மூச்சு விடுகிற சத்தமே இல்லை மாப்பிள்ளை. பஸ் வந்ததுகூடத் தெரியாமல் நின்றேன்.

ஆகையால் நீங்கள் உடனே கிளம்பி வந்து அவர் இடத்தில் ஜாமீன் போட வேண்டும். அந்த மனுஷனும் நிம்மதியாகப் போவார், குழந்தைக்கும் வீடு கிடைக்கும். "போனப்புறமும் விட மாட்டேங்கறாங்களாம், அதுல என் தம்பியை மாட்டி விடறீங்களா" என்று உங்கள் அக்கா சமையலறையிலிருந்து சத்தம் போடுகிறாள். அதைப் பெரிதுபண்ண வேண்டாம். உங்களுக்கு வயசு இருக்கிறது, சர்க்கரைகூட இல்லை.

குழந்தைகளுக்கு எங்கள் ஆசிகள். நீங்கள் அனைவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். இதைச் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை.

இப்படிக்கு,
அத்தான் சௌந்தரராஜன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ஆக்னஸ் போன் செய்தாள், சுபாஸ்ரீ எடுத்தாள். கடன் சாங்ஷன் ஆகிவிட்டது. விஸ்வநாத் காலையில் நேரிலேயே வந்து கையெழுத்துப் போட்டாராம். வீட்டுக் கடனுக்கும் ஒரு ஜாமீன் இருந்தால் நல்லது என்று ஆக்னஸ் சொல்ல, அதையும் அவரே போட்டுவிட்டாராம். இருபது வருஷக் கடன். ஆகவே நீங்கள் வர வேண்டாம். மனசு கேட்காமல் ரமாவிடம் போய்ச் சொன்னேன். "நேர்லயா வந்தார்?" என்று மட்டும் கேட்டாள். நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வங்கிக்குக் கிளம்பிவிட்டாள்.